கைமாறிச் செல்லும் காசு

 

ஓர் ஊரின் பெருமையைப் பேச வருபவர்கள் அங்குள்ள பெரிய கட்டடங்களையும் அகன்ற சாலைகளையும் எடுத்துரைப்பார்கள். என்னைக் கேட்டால் மூன்று கேள்விகள் போதும் என்பேன். கையில் சில்லறைக் காசு மட்டுமே உள்ள ஒரு மூதாட்டி, பிறர் துணையின்றிச் சந்தைக்குப் போய்த் திரும்ப அங்கே வழி உண்டா? மாதக் கடைசியில் அடுப்பு எரிய வேண்டிய வீட்டிற்கு, முகம் சுளிக்காமல் கடன் கொடுக்கும் கடை உண்டா? படிக்கச் சென்ற பெண்பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்திற்குள் அச்சமின்றி வீடு வந்து சேர முடியுமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடிய ஊர், குடிசைகள் நிறைந்ததாயினும் வாழத்தக்க ஊரே. நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் அனகாபுத்தூரை இந்த மூன்று கேள்விகளின் வழியாகவே உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

சென்னை விமான நிலையத்திற்கு அருகே, பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் பம்மலை அடுத்து அமைந்துள்ளது எங்கள் ஊர். ஓரத்தில் அடையாறு ஓடுகிறது. தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 48,000 பேர் வாழ்ந்த நகராட்சி இது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல் முதலிய அண்டை நகராட்சிகளோடு சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. பெயர்ப்பலகைகள் மாறின, வீட்டு வரி ரசீதின் தலைப்பு மாறியது. ஊரார் பேச்சில் மட்டும் அனகாபுத்தூர் அனகாபுத்தூராகவே இருக்கிறது.

நான் பிறந்தது ஆர்க்காட்டை அடுத்த மேல்விஷாரத்தில். 1989ஆம் ஆண்டு நிக்காஹ் முடிந்து இங்கே வந்தேன். என் கணவருக்கு நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. தோல் வாடை எனக்குப் புதிதன்று. எங்கள் ஊரிலும் அதுதான் தொழில். ஆனால் இங்கே எனக்குப் புதிதாக இருந்தவை இரண்டு. ஒன்று, தெருவில் காலை முதல் மாலை வரை ஒலித்த தறிச் சத்தம். மற்றொன்று, என் மாமியார்.

தறியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற கட்டம் போட்ட பருத்தித் துணி இங்கும் நெய்யப்பட்டது. பெயர்தான் கைக்குட்டையே தவிர, அது உடுத்தும் துணி. கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவுக்குச் சென்று, அங்குள்ள கலபாரி இன மக்களின் பிறப்பு, திருமணம், இறப்புச் சடங்குகளில் மதிப்புமிக்க ஆடையாக விளங்கியது. நைஜீரிய அரசு துணி இறக்குமதிக்குத் தடை விதித்தபோது, எங்கோ போடப்பட்ட கையெழுத்தால் இங்கே தறிகள் ஓய்ந்தன. நான் வந்த காலத்தில் ஒலித்தது மீந்திருந்த தறிகளின் ஓசைதான். பின்னாளில் அவர்களுள் சிலர் வாழைநார், சணல், அன்னாசி நார் போன்ற இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்யக் கற்று, ஊருக்கு மீண்டும் ஒரு பெயரைத் தேடித் தந்தனர். ஆயினும் தெரு முழுதும் கேட்ட அந்த ஓசை திரும்பவில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று வேறு வேலைகளுக்குப் பேருந்தேறிச் செல்கிறார்கள்.

இனி என் மாமியார். அவர் எழுத்தறியாதவர். ஆனால் கணக்கறிந்தவர். வெள்ளிக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்குள் வீட்டு வேலைகளை முடித்து, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒரு துணிப்பையுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். "வா மருமகளே, ஊரைப் பார்க்கலாம்" என்று முதல் மாதமே என்னையும் அழைத்துச் சென்றார். பல்லாவரம் சந்தை எனக்கு அவர் காட்டிய முதல் காட்சி.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய டிரங்கு சாலையில் வாரம் ஒருநாள் கூடும் பெருஞ்சந்தை அது. காய்கறி, கருவாடு, மண்பானை, பூச்செடி, கோழிக்குஞ்சு, கிளிக்கூண்டு, பழைய நாற்காலி, உடைந்த வானொலிப் பெட்டி, ஒற்றைச் சக்கரம் என்று அங்கே இல்லாத பொருளைத் தேடுவது கடினம். 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் ஆதி மனிதன் பயன்படுத்திய கற்கோடரியை இந்தப் பல்லாவரத்தில்தான் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று. பழைய சாமான்களைக் கிளறிக்கொண்டிருப்பவர்களைச் சந்தையில் காணும்போதெல்லாம், பல்லாவரம் மண்ணுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல என்று எண்ணிக்கொள்வேன்.

என் மாமியார் சந்தையில் பேரம் பேசுவதில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பெரிய கடைக்காரரிடம் விடாமல் பேரம் பேசுவார். தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் பெண்ணிடம் ஒரு சொல்லும் குறைத்துக் கேட்கமாட்டார். "அவள் விடியுமுன் பறித்து, தலையில் சுமந்து வந்திருக்கிறாள், அவளிடம் எட்டணா குறைத்து நாம் மாடியா கட்டப்போகிறோம்?" என்பார். கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையை மட்டும் மறுக்கமாட்டார். "கொசுறு அவள் கொடுக்கிற மரியாதை. அதை வேண்டாம் என்றால் அவளுக்கு மனக்குறை வரும்" என்பது அவர் விளக்கம். குளிரூட்டிய பேரங்காடியில் ஒட்டப்பட்ட விலையைச் சத்தமின்றிக் கொடுத்துவிட்டு, வாசலில் பூ விற்பவளிடம் இரண்டு ரூபாய்க்கு வழக்காடும் நம் காலத்து வழக்கத்தைக் காணும்போது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணியின் பொருளாதாரம் எவ்வளவு நேர்மையானது என்பது விளங்குகிறது.

பேருந்தில் ஒரு பாடம்

அந்நாளில் எங்கள் சாலையில் ஓடியவை பல்லவன் பேருந்துகள். 1972இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகம், 1994இல் இரண்டாகப் பிரிந்து, 2001இல் மீண்டும் ஒன்றாகி மாநகர்ப் போக்குவரத்துக் கழகமாயிற்று. பெயர் எதுவாயினும் கூட்டத்திற்குக் குறைவில்லை. மேல்விஷாரத்துப் பெண்ணான எனக்கு முதலில் வியப்பளித்தது, சென்னைப் பேருந்தில் நடத்துநர் தம் இருக்கையை விட்டு எழாமல் இருந்ததுதான். முன்புறம் ஏறிய பெண்கள் காசை அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். "ஒரு பல்லாவரம்" என்ற சொல்லோடு அந்தக் காசு கைமாறிக் கைமாறி நடத்துநரைச் சென்றடையும். சீட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். பத்துப் பேர் கைகளைக் கடந்து வந்த சில்லறையில் ஒரு பைசா குறைந்ததாக நான் கண்டதில்லை. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பூக்கூடை வைத்திருப்பவள், தறிக்காரர், கல்லூரி மாணவர், தோல் தொழிற்சாலைத் தொழிலாளி என்று எல்லாருடைய கையும் அதில் உண்டு.

இதை நான் என் இளைய சகோதரருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அவர் அப்போது சவூதி அரேபியாவின் ஜுபைல் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரர். என் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, அவர் சிரித்து, "இது எங்கள் ஊர்க் கதையல்லவா!" என்றாராம்.

பிலிப்பைன்ஸ் சிற்றூர்களின் போக்குவரத்து பற்றி அவர் சொன்னவற்றை என் சகோதரர் விரிவாக எழுதியிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப் வண்டிகளை அந்நாட்டு மக்கள் நீளமாக்கி, இருபுறமும் பலகை இருக்கை அமைத்து, வண்ணம் தீட்டிப் பயணிகள் வண்டியாக்கிவிட்டனர். 'ஜீப்னி' என்பது அதன் பெயர். நடத்துநர் இல்லாத வண்டிகளில் பின்னால் ஏறியவர் கட்டணத்தை அடுத்தவர் கையில் கொடுக்க, அது கைமாறி ஓட்டுநரை அடையும். மீதியும் அவ்வாறே திரும்பும். உள்ளூர்த் தெருக்களுக்கு மோட்டார் சைக்கிளோடு பக்கத்தில் ஒரு கூண்டைப் பொருத்திய 'டிரைசிகிள்' ஓடும். தெருவுக்குத் தெரு 'சாரி-சாரி' என்னும் சிறு கடை இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பலவகை என்று பொருளாம். வீட்டின் முன் சன்னலையே கடையாக்கி, ஒரு சிகரெட், ஒரு பல் பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய் என்று சில்லறையாகவே விற்பார்கள். தெரிந்தவருக்குக் கடனும் உண்டு.

நம் பெட்டிக்கடைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? கையில் மொத்தமாகப் பணமில்லாதவர்கள் உலகெங்கும் ஒரே முறையைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறையை நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர் பரப்பியதையும், அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கி அதே வழியில் வளர்ந்ததையும் நீங்கள் அறிந்திருக்கலாம். ஏழையின் கைக்கு எட்டுமளவுக்குப் பொருளைச் சிறிதாக்குவது ஒரு வணிகத் திறமை. ஆனால் ஏழையின் கை வெறுமையாக இருக்கும் நாளில் அவனை நம்புவது வணிகத்தையும் கடந்த ஒன்று.

கணக்கு நோட்டு

அந்த நம்பிக்கையை நான் கண்டது எங்கள் தெருமுனை மளிகைக் கடையில். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரார் அனைவருக்கும் அவர் 'அண்ணாச்சி'. என் மாமியாரை அவர் 'பாயம்மா' என்று அழைப்பார். நீளமான ஒரு கணக்கு நோட்டில் வீட்டுக்கொரு பக்கம் ஒதுக்கியிருந்தார். மாதச் சம்பளக்காரர், வாரக் கூலிக்காரர், துணி விற்றால் பணம் காணும் நெசவாளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தவணை. கேட்டுத் துரத்தியதாக நான் அறியவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றியதாகவோ நோன்பைப் பற்றியதாகவோ இருக்கும் என்பார்கள். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கூறும் வசனம். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். என் மாமியாருக்கு எழுதத் தெரியாது. ஆனால் எழுத வேண்டும் என்பது தெரியும். எனவே, சமையலறைக் கதவின் பின்புறத்தில் கரிக்கட்டியால் கோடு போடுவார். நிமிர்ந்த கோடு ஒன்றானால் பத்து ரூபாய். படுத்த கோடானால் நூறு. கடனைச் செலுத்தியதும் ஈரத் துணியால் துடைத்துவிடுவார். அந்தக் கதவுக்கு நாங்கள் எத்தனையோ முறை வண்ணம் பூச நினைத்தும் அவர் இசையவில்லை.

அண்ணாச்சியின் நோட்டுக்கும் மாமியாரின் கதவுக்கும் சோதனை வந்தது 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில். அன்று பெய்த பேய்மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடிவரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை கடந்து ஊருக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லை; தொலைபேசி இல்லை; பேருந்து இல்லை. பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. எங்கள் வீடு சற்று மேட்டில் இருந்ததால் முழங்கால் அளவு நீரோடு தப்பித்தோம். தெருமுனை தாழ்வானது. கடைக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. அரிசி மூட்டைகள் ஊறி வெடித்தன. பருப்பும் மாவும் சேறாயின. கல்லாவின் கீழிருந்த கணக்கு நோட்டு நீரில் ஊறி, மை கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டது.

நீர் வடிந்தபின் அண்ணாச்சி கடை வாசலில் அந்த நோட்டை வெயிலில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஒரு பக்கத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. சரக்கும் போயிற்று, வரவேண்டிய கடனுக்கான சான்றும் போயிற்று. மொத்த வியாபாரிக்கு அவர் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் எந்த வெள்ளத்திலும் கரையாமல் நின்றது. "மேலும் ஒரு மாதம் பார்ப்பேன், முடியாவிட்டால் ஊருக்கே போய்விடுவேன்" என்றார்.

வீட்டிற்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் கதவின் பின்புறத்தைப் பார்த்தார். தண்ணீர் எட்டிய உயரத்திற்கு மேலே கோடுகள் அப்படியே இருந்தன. பதின்மூன்று படுத்த கோடுகள். நான்கு நிமிர்ந்த கோடுகள். 1,340 ரூபாய். வீட்டில் அப்போது இருந்த ரொக்கம் அதைவிடச் சற்றுத்தான் அதிகம். வெள்ளத்தில் பாழான பாத்திரம் பண்டங்களுக்கும் பணம் தேவை. என் கணவர், "நிலைமை சீரானதும் கொடுத்துவிடலாமே, அம்மா" என்றார். மாமியார், "நமக்கு நிலைமை சீராகும்வரை அவர் கடை இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அன்று மாலையே பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, சேற்றில் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மட்டுமன்று, அன்பர்களே. மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் தெருவிலிருந்து ஒவ்வொருவராகப் போனார்கள். நெசவாளர் ஒருவர், "என் கணக்கு எழுநூறு இருக்கும், எண்ணூறாகவே எழுதிக்கொள்ளுங்கள்" என்றாராம். இட்டிலிக் கடை நடத்தும் பெண்மணி மூன்று தவணையாகத் தருவதாகச் சொல்லி, முதல் தவணையைச் சில்லறையாகவே கொட்டினார். வராதவர்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கை கடையைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. அண்ணாச்சி புதிய நோட்டு வாங்கினார். அதன் முதல் பக்கத்தைப் பாயம்மா வீட்டுக்கு ஒதுக்கினார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. வங்கி வாசல்களில் நாட்டு மக்கள் வரிசையில் நின்ற அந்த நாட்களில், எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு இல்லை. அந்த நோட்டு இருந்தது. 2020இல் கொள்ளைநோய் ஊரடங்கின்போது மார்ச் இறுதி முதல் ஆகஸ்ட் முடிய மாநகரப் பேருந்துகள் பொதுமக்களுக்கு ஓடவில்லை. தினக்கூலி நின்றது. அப்போதும் அந்த நோட்டு இருந்தது. ரேஷன் கடையில் கிடைக்கும் விலையில்லா அரிசியும், அண்ணாச்சி கடையின் கடன் பருப்புமே பல குடும்பங்களைக் கரை சேர்த்தன.

வழி அறிந்தவர் சொல்

மூன்றாவது கேள்வி பெண்பிள்ளையைப் பற்றியது. என் மகள் 2008இல் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தாள். தேனாம்பேட்டையில், நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் தொடங்கிய மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்தது. நம் சமுதாயப் பெண்கள் பல்லாயிரவர் கல்வி பெற்ற இடம் அது. ஆனால் அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரத்திற்குப் பேருந்து அல்லது ஷேர் ஆட்டோ. பல்லாவரத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு மின்சார இரயில். அங்கிருந்து இன்னொரு பேருந்து. உறவினர்கள் கூடினர். "இவ்வளவு தொலைவு பெண்பிள்ளை தனியே போக வேண்டுமா? அருகில் ஏதாவது தையற்பயிற்சியில் சேர்க்கலாமே" என்றனர். என் கணவரும் தயங்கினார்.

மாமியார் அதுவரை பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் பேத்தியை எழுப்பி, "புறப்படு, உன் கல்லூரிக்கு நான் வருகிறேன்" என்றார். பேருந்தேறி, இரயிலேறி, மகளிர் பெட்டியில் அமர்ந்து, மீண்டும் பேருந்தேறிக் கல்லூரி வாசல்வரை சென்று, வாசலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பி வந்தார். மாலை நேரக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அறிவதற்காகவே சைதாப்பேட்டை நிலையத்தில் ஐந்து மணிவரை காத்திருந்தாராம். இரவு உணவின்போது சொன்னார்: "வழி நல்ல வழிதான். பெட்டி முழுக்கப் பெண்பிள்ளைகள். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தாள் ஒருத்தி. அவள் வீட்டில் அனுப்பியிருக்கிறார்கள். நம் வீட்டிலும் அனுப்பலாம்." வழியைக் காணாமலே அச்சப்பட்டவர்கள் அனைவரும் வழியைக் கண்டு வந்தவரின் சொல்லுக்கு அடங்கினர். என் மகள் இன்று ஆசிரியை. தினமும் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே அந்த மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்று அதைத் திட்டமிட்டவர்களுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தெரியாது. ஆனால் ஓர் இரயில் பெட்டியில் மகளிர்க்கென ஒதுக்கிய இடம், பல தலைமுறைப் பெண்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இதை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள், கணவனிடம் பத்து ரூபாய் கேட்டு நிற்க வேண்டியிருந்த ஒரு பெண்ணை ஒருநாள் கேட்டுப் பார்க்கட்டும். வேலைக்குப் போவதற்கும், மருத்துவமனைக்குப் போவதற்கும், தாய் வீட்டை எட்டிப் பார்ப்பதற்கும் யாரிடமும் அனுமதிக் காசு கேட்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவள் சொல்வாள்.

மாமியார் அந்தக் காலத்தைக் காணவில்லை. 2019ஆம் ஆண்டு ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு வஃபாத்தானார். ஜனாஸா தொழுகைக்கு முன், வழக்கப்படி என் கணவர் எழுந்து நின்று, "என் தாயார் யாருக்காவது கடன்பட்டிருந்தால் தெரிவியுங்கள், நான் பொறுப்பேற்கிறேன்" என்று அறிவித்தார். இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளிவாசல் வெளிவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாச்சியும் நின்றிருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் சமையலறைக் கதவைப் பார்த்தேன். எட்டு நிமிர்ந்த கோடுகள். எண்பது ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தைக் காட்டினார். அதில் 86 ரூபாய் என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். "பாயம்மா கணக்கு முடிந்தது, தங்கச்சி. அன்றைக்குச் சேற்றில் நடந்து வந்தார்களே, அதற்கு நான் என்ன கணக்கு எழுத முடியும்?" என்றார். நான் விளக்கினேன்: "எங்கள் மார்க்கத்தில் இது அவர்களுடைய பாரம், அண்ணாச்சி. நீங்கள் வாங்கிக்கொண்டால்தான் அவர்களுக்கு இறங்கும்." ஒரு கணம் யோசித்தார். பின்னர் இரு கைகளையும் நீட்டி, எண்பத்தாறு ரூபாயையும் எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

அன்பு வாசகர்களே! காலம் மாறுகிறது. கைப்பேசியில் விரலால் தொட்டால் அரிசி பருப்பு வீடு தேடி வருகிறது. பேருந்துக்குக் காத்திராமல் வாடகை வண்டி வாசலில் வந்து நிற்கிறது. முதுமையில் தனித்திருப்போருக்கும், கைக்குழந்தையோடு இருப்போருக்கும் இவை உதவியே; குறை சொல்வதற்கில்லை. அண்ணாச்சியும் கல்லாவில் கைப்பேசிக் கட்டணப் பலகை ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது. மகன் வேறு வேலையில் இருக்கிறார். "என் காலத்திற்குப் பின் இந்தக் கடை எத்தனை நாள் இருக்கும் என்பது வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது" என்று அவர் அண்மையில் சொன்னார். முகமறியா நிறுவனம் மலிவாகக் கொடுக்கும், விரைவாகவும் கொடுக்கும். வெள்ளம் வந்த மறுவாரத்தில் கடனாகக் கொடுக்குமா? நம் வீட்டு ஜனாஸாவில் வந்து நிற்குமா?

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. மாதச் சாமான் பட்டியலில் பாதியையாவது உங்கள் தெருக் கடைக்கு ஒதுக்குங்கள். கையில் பணம் இருக்கும் மாதத்திலும் அங்கேயே வாங்குங்கள். இல்லாத மாதத்தில் மட்டும் அவரை நினைப்பது நியாயமன்று. வாங்கிய கடனை எழுதி வையுங்கள், வீட்டிலுள்ள ஒருவருக்காவது தெரியும்படி. கீரைக்காரியிடம் பேரம் பேசாதீர்கள். உங்கள் மகள் படிக்கும் கல்லூரிக்கு ஒருநாள் பேருந்திலேயே போய் வாருங்கள். அதன்பின் முடிவு சொல்லுங்கள். கூட்டமான பேருந்தில் யாரேனும் உங்கள் கையில் காசை வைத்தால், அதை அடுத்த கைக்குப் பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள்.